விமானப் பையில் எது போகலாம், எது கூடாது? தடைகளுக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள்

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர் வீட்டில் பெட்டி கட்டும்போது ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். ஊறுகாய் கூடவே கூடாது என்பார் சித்தி. போன தடவை நான் மூன்று பாட்டில் கொண்டுபோனேனே என்பார் மாமா. பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் பத்திரமாக வை என்று ஒரு குரல் வரும். காய்ந்த தேங்காயைத் தூக்கி வெளியே போட்டார்கள், ஏனென்றே தெரியவில்லை என்று இன்னொரு குரல் வரும்.

இவர்கள் எல்லோருமே ஓரளவு சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒருவர் கையில் எடுத்துப்போகும் பையை நினைத்துச் சொல்கிறார், மற்றவர் கவுன்டரில் போட்டுவிடும் பெட்டியை நினைத்துச் சொல்கிறார். ஒருவர் துபாய் போய்வந்தவர், மற்றவர் சிட்னி போய்வந்தவர். விமான நிலையங்களில் வைத்திருக்கும் பலகைகளும் பெரிய உதவி செய்வதில்லை. படம் போட்டுச் சிவப்புக் கோடு கிழித்திருப்பார்கள், காரணம் எழுதியிருக்க மாட்டார்கள். காரணம் தெரியாமல் பட்டியலை மனப்பாடம் செய்தால், பட்டியலில் இல்லாத ஒரு பொருள் வரும்போது கை நின்றுவிடுகிறது. காரணம் தெரிந்துவிட்டால் முக்கால்வாசிப் பொருள்களை நாமே பிரித்து வைத்துவிடலாம்.

## ஆம்னி பஸ்ஸிலிருந்து தொடங்குவோம்

புதுச்சேரியிலிருந்து மதுரைக்கு ஆம்னி பஸ்ஸில் போகிறீர்கள். சின்னப் பை உங்களோடு இருக்கிறது. பெரிய பெட்டி கீழே டிக்கியில் இருக்கிறது. உங்களிடம் ஓர் அரிவாள்மனையும், கொஞ்சம் சூடானாலே புகையக்கூடிய ஒரு பொருளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அரிவாள்மனை டிக்கியில் இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. ஓடும் பஸ்ஸில் அதை எடுக்க எந்தக் கையும் எட்டாது. அதுவே இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தால், கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் கையில் சிக்கலாம். புகையும் பொருளின் கணக்கு நேர்மாறானது. அது உங்கள் பக்கத்தில் இருந்தால் முதல் நெடி வந்ததுமே கத்திவிடுவீர்கள், தண்ணீரை ஊற்றுவீர்கள். டிக்கியில் இருந்தால், தரை சூடாகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எல்லையில் போலீஸ் ஏறி, பையில் மது பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அவர்களுக்கு அரிவாள்மனை பற்றியோ தீ பற்றியோ இப்போது கவலை இல்லை. இந்தச் சரக்கு என் எல்லைக்குள் வரலாமா என்பது மட்டும்தான் அவர்கள் கேள்வி.

விமானத்திலும் இதே மூன்று கேள்விகள்தான். ஒரே வித்தியாசம், பஸ்ஸை ஓரம் கட்டி எல்லோரும் இறங்கிவிடலாம். பத்து கிலோமீட்டர் உயரத்தில், கடலுக்கு மேலே, அது முடியாது. அதனால்தான் விதிகள் இவ்வளவு கடுமையாக இருக்கின்றன.

இனி வரும் மூன்று சொற்களை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். உங்களோடு உள்ளே வரும் பை கேபின் லக்கேஜ். கவுன்டரில் எடை போட்டு, டேக் ஒட்டி வாங்கிக்கொள்ளும் பெட்டி செக்-இன் லக்கேஜ். அந்தப் பெட்டி போய்ச் சேரும், விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள அறை சரக்கறை.

ஆக, ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியவை இவை: இதை ஆயுதமாகப் பயன்படுத்த முடியுமா? இது தானாகத் தீப்பிடிக்கவோ, வெடிக்கவோ, விமானத்தைக் கெடுக்கவோ முடியுமா? நான் போய் இறங்கும் நாடு இதை உள்ளே விடுமா? ஒவ்வொரு கேள்வியையும் பார்க்கிறவர்களும் தனித்தனி. இந்தியாவில் முதல் கேள்விக்கான விதிகளை சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவான பிசிஏஎஸ் வகுக்கிறது, பெரிய விமான நிலையங்களில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் சோதிக்கிறார்கள். இரண்டாவது, டிஜிசிஏ என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பொறுப்பு. மூன்றாவது, சுங்கத்துறையின் வேலை. ஓரிடத்தில் விட்டுவிட்டார்கள் என்பதற்காக அடுத்த இடத்திலும் விடுவார்கள் என்று நினைப்பதுதான் பெரும்பாலான மனத்தாங்கலுக்குக் காரணம்.

## முதல் கேள்வி: கைக்கு எட்டினால் ஆபத்தா?

இது எளிமையானது. கத்தி, கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, கிரிக்கெட் மட்டை எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். அங்கே யாராலும் எடுக்க முடியாது. பெட்டியைச் சோதிக்கிறவர் கையைக் கிழிக்காதபடி, கூரான பகுதியை அட்டை வைத்து நன்றாகச் சுற்றிவையுங்கள். எவ்வளவு சிறிய கத்தரிக்கோலைக் கேபினில் விடுவார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதில் வாதாடி நேரத்தை வீணாக்குவதைவிடப் பெட்டியில் போட்டுவிடுவது நிம்மதி.

மிளகாய்த்தூளைக் கேபின் பையில் வைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. சமையல் பொருளுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். கண்ணில் தூவினால் என்ன ஆகும் என்று யோசித்தால் விளங்கிவிடும். அதையும் கீழே அனுப்பும் பெட்டியிலேயே வையுங்கள்.

### 100 மில்லி விதி எங்கிருந்து வந்தது

திரவங்களுக்கான விதியைத்தான் மக்கள் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2006 ஆகஸ்டில் லண்டன் போலீஸ் ஒரு சதியைக் கண்டுபிடித்தது. ஹீத்ரோவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் பல விமானங்களை, குளிர்பான பாட்டிலில் நிரப்பிய திரவ வெடிபொருளால் தகர்ப்பதுதான் திட்டம். ஹைட்ரஜன் பெராக்சைடை அடிப்படையாகக் கொண்ட அந்தத் திரவம், அன்றைய எக்ஸ்ரே படத்தில் சாதாரண பானத்திலிருந்து வேறுபட்டுத் தெரிந்திருக்காது. முதலில் திரவங்களை அடியோடு தடை செய்தார்கள். பிறகு அதைத் தளர்த்தி, ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்கு மிகாமல், எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும் என்றார்கள். இப்படிச் சிறு சிறு அளவாகக் கட்டுப்படுத்தினால், விமானத்தைத் தகர்க்கும் அளவுக்குத் திரவத்தை ஒருவர் உள்ளே கொண்டுவருவது கடினம் என்பதுதான் கணக்கு.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 100 மில்லி என்பது பாட்டிலின் கொள்ளளவு. 200 மில்லி பாட்டிலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தாலும் அது கூடாது. இரண்டு, பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும் எதுவும் திரவம்தான். பற்பசை, தலை எண்ணெய், தயிர், தேன், நெய், தொக்கு, ஊறுகாய், ஜாம் எல்லாம் இதில் வரும். நெய் உறைந்துதானே இருக்கிறது என்று சொன்னால் அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார். கைக்குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும், பயணத்தில் தேவைப்படும் மருந்துக்கும் விலக்கு உண்டு. மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

இந்த விதி வெளிநாட்டுப் பயணத்தில் கண்டிப்பாக இருக்கும். இந்திய உள்நாட்டு விமானத்தில் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே விடுவதைப் பார்த்துப் பழகியவர்கள், மதுரையிலிருந்து சென்னை வழியாக லண்டன் போகும்போது சென்னையில் தடுமாறுவது இதனால்தான். வழியில் வாங்கிய டியூட்டி ஃப்ரீ பாட்டிலுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கடைக்காரர் முத்திரையிட்டுத் தரும் பையைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். இடையில் இறங்கி ஏறும் இடத்தில் மறுபடி சோதிப்பார்கள், பிரித்த பை அங்கே செல்லாது. ஐரோப்பாவில் சில விமான நிலையங்கள், பையின் உட்புறத்தை முப்பரிமாணமாகக் காட்டும் புதிய சிடி ஸ்கேனர்களை வைத்த பிறகு இந்த அளவைத் தளர்த்தியிருக்கின்றன. போகும்போது விட்டார்கள் என்பதற்காகத் திரும்பும் ஊரில் விடுவார்கள் என்று எண்ண வேண்டாம். கருவி எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை.

### அல்வா ஏன் சந்தேகத்தைக் கிளப்புகிறது

எக்ஸ்ரே திரையில் பொருள்கள் நிறம் பிரிந்து தெரியும். உலோகம் நீலமாகத் தெரியும். உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் போன்ற கார்பன் சார்ந்த பொருள்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். நடுத்தரமானவை பச்சையாக வரும். பெரும்பாலான வெடிபொருள்களும் கார்பன் சார்ந்தவைதான், அவையும் ஆரஞ்சுதான். இப்போது ஒரு கிலோ திருநெல்வேலி அல்வாவையோ இறுக்கிக் கட்டிய பேரீச்சம்பழப் பொட்டலத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் அது அடர்ந்த ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும். பக்கத்திலேயே சார்ஜர் வயர் சுருண்டு கிடந்தால் சோதனைக்காரர் பையைத் திறந்தே ஆக வேண்டும். அது அவர் கடமை. இனிப்பை ஒரு பக்கம், வயர்களை ஒரு பக்கம் வைத்தால் இந்தத் தாமதம் பெரும்பாலும் குறையும். லேப்டாப்பைத் தனியே எடுத்து வைக்கச் சொல்வதும் இதனால்தான், அது தனக்கு அடியில் இருப்பதை மறைத்துவிடுகிறது.

சுருக்கமாக: வெட்டுவது, குத்துவது, அடிப்பது, கண்ணில் தூவுவது எல்லாம் கீழே போகட்டும். 100 மில்லிக்கு மேற்பட்ட திரவமும் கீழேதான்.

## இரண்டாவது கேள்வி: தீப்பிடிக்குமா?

இந்தக் கேள்வியைத்தான் பயணிகள் மிகக் குறைவாக யோசிக்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். ஆயுதத்தைக் கெட்டவர்தான் கொண்டுவருவார். தீப்பிடிக்கும் பொருளை நல்லவரே கொண்டுவருவார், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், துணிக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றி.

### பவர் பேங்க் ஏன் கையிலேயே இருக்க வேண்டும்

ஃபோன், லேப்டாப், பவர் பேங்க் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதற்குள் நேர்முனை, எதிர்முனை என்று இரண்டு அடுக்குகள், நடுவில் மிக மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, எல்லாம் எளிதில் எரியக்கூடிய ஒரு திரவத்தில் நனைந்திருக்கும். பேட்டரி நசுங்கினாலோ, தயாரிப்பில் குறை இருந்தாலோ, அளவுக்கு மீறிச் சூடானாலோ அந்தத் தடுப்பு கிழியும். முனைகள் உள்ளேயே தொட்டுக்கொள்ளும். சூடு ஏறும். அந்தச் சூடே உள்ளே இன்னும் வேதிவினைகளைத் தூண்டும், அவை இன்னும் சூட்டை உண்டாக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் இதை நிறுத்த முடியாது. பொறியாளர்கள் இதைத் தெர்மல் ரன்அவே என்கிறார்கள். எரியும் வாயுவைக் கக்கியபடி ஒரு செல் வெடித்துப் பக்கத்துச் செல்லையும் சூடாக்கும், அதுவும் அதே வழியில் போகும்.

சரக்கறையில் தீயணைப்பு வசதி உண்டு. தீ கண்டதும் ஹேலான் என்ற வாயுவை நிரப்புவார்கள். துணி, காகிதம் போன்றவற்றின் நெருப்பை அது நன்றாக அடக்கும். பேட்டரியின் சூடு உள்ளேயே பிறப்பதால், மேலே எரியும் சுடரை ஹேலான் அடக்கினாலும் உள்ளே நடப்பதை அதனால் நிறுத்த முடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் செய்த சோதனை ஒன்றில், பெட்டிக்குள் லேப்டாப் பேட்டரிக்குப் பக்கத்தில் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். பேட்டரி சூடேறியதும் டப்பா வெடித்தது. ஹேலான் அதைத் தடுக்கும் அளவுக்கு வேலை செய்ய நேரமே கிடைக்கவில்லை.

கேபினில் அதே பேட்டரி புகைந்தால் கதை வேறு. பக்கத்தில் இருப்பவர் உடனே பார்ப்பார். பணிப்பெண்ணோ பணியாளரோ சுடரை அணைத்துவிட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குளிர்விப்பார். அதற்கு அவர்களுக்குப் பயிற்சி உண்டு. தனியாக இருக்கும் எந்த லித்தியம் பேட்டரியும், பவர் பேங்க் உட்பட, கேபினில்தான் போக வேண்டும் என்ற விதி இதிலிருந்து வந்தது. பத்திரமாகத் துணிக்கு நடுவில் வைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான இடம்.

நடந்தவையும் இதைத்தான் காட்டுகின்றன. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்றில், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்குப் பகுதியில் தீப்பிடித்து, விமானம் விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் லித்தியம் அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவது உலக அளவில் தடை செய்யப்பட்டது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில், ஏர் பூசான் விமானம் கிளம்பக் காத்திருந்தபோது தலைக்கு மேலிருக்கும் பெட்டியில் தீ பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேறிவிட்டார்கள், விமானம் கூரை எரிந்து நாசமானது. பவர் பேங்க் ஒன்றே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதன் பிறகு கொரியா, பவர் பேங்க்கை மேல்பெட்டியில் வைக்கக் கூடாது, கண்ணில் படும்படி கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும், எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும், பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டன.

### வாட் ஹவர் கணக்கு

எவ்வளவு பெரிய பவர் பேங்க் வரை விடுவார்கள்? விதி, பவர் பேங்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் கணக்கில் இல்லை, வாட் ஹவர் கணக்கில் இருக்கிறது. வாட் ஹவர் என்பது, பேட்டரியில் மொத்தம் எவ்வளவு ஆற்றல் அடைந்திருக்கிறது என்பதன் அளவு. எம்ஏஎச் எண்ணை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 10,000 எம்ஏஎச் என்றால் 37. 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9. சிலர் வெளியே வரும் 5 வோல்ட்டால் பெருக்கிப் பயந்துவிடுகிறார்கள், அது தப்பு. உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்தான் கணக்கு.

100 வாட் ஹவர் வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணியோடு போகாது. எத்தனை எடுத்துப்போகலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது, இறுகியும் வருகிறது. டிக்கெட் வாங்கிய நிறுவனத்தின் விதியைக் கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்புறம், பவர் பேங்க்கின் மேல் அச்சிட்ட எண்கள் அழிந்திருந்தால் அதைக் கொண்டுபோகாதீர்கள். படிக்க முடியாததை அதிகாரி அனுமதிக்க மாட்டார். உப்பிய பேட்டரி எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

லேப்டாப், கேமரா போன்றவற்றை, பேட்டரி உள்ளேயே இருக்கிற நிலையில், முழுவதும் அணைத்து, அடிபடாதபடி சுற்றிச் செக்-இன் பெட்டியில் வைக்கப் பல நிறுவனங்கள் விடுகின்றன. இருந்தாலும் கையில் வைத்திருப்பதே நல்லது.

ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விமானம் நிரம்பிவிட்டால், ஏறும் வாசலில் உங்கள் கேபின் பையை வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அந்த நிமிடமே அது செக்-இன் லக்கேஜ் ஆகிவிடுகிறது. பவர் பேங்க்கும் உபரி பேட்டரியும் உள்ளே இருந்தால் கேட்டுப் பையைத் திறந்து, எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பையைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் மறந்துபோவது சுலபம். இவற்றை எப்போதும் பையின் வெளி அறையில் வைத்தால் வசதி.

### கொப்பரை, சூடம், பட்டாசு

கொப்பரை ஒரு நிரூபிக்கப்பட்ட ஆபத்து என்று சொன்னால் நம் ஊரில் நம்ப மாட்டார்கள். ஐநாவின் ஆபத்தான பொருள் பட்டியலில் அதற்குத் தனி எண்ணே இருக்கிறது: 1363. வகை, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை. காய்ந்த தேங்காயில் எண்ணெய் அதிகம், கொஞ்சம் ஈரமும் தங்கியிருக்கும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்லச் சேரும்போது சூடு பிறக்கிறது. அடைத்துக் கட்டிய மூட்டையில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. ஏறிக்கொண்டே போய் ஒரு நேரத்தில் பற்றிக்கொள்ளும். பெட்டிக்குள் அடுக்கிய கொப்பரையை எடுத்து வெளியே வைப்பது இதனால்தான்.

தண்ணீர் உள்ள முழுத் தேங்காய் இந்த வகையில் வராது. ஆனாலும் இந்தியாவில் அதைக் கேபினுக்குள் பொதுவாக விடுவதில்லை. சபரிமலை போகிறவர்களின் இருமுடியில் நெய்த்தேங்காய் இருக்குமே, அதைச் சரக்காக அனுப்ப மனம் வராது. 2024 அக்டோபரில் பிசிஏஎஸ் அவர்களுக்கு ஒரு விலக்கு கொடுத்தது. 2025 ஜனவரி 20 வரை, எக்ஸ்ரே, வெடிபொருள் துகள் சோதனை, கையால் சோதனை ஆகிய மூன்றும் முடிந்த பின் இருமுடியைக் கேபினில் எடுத்துப்போகலாம் என்றது. சோதித்துத் திருப்தியானால் விதி இளகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சூடமும் பட்டியலில் உள்ள எரியும் திடப்பொருள்தான், கேபினிலும் பெட்டியிலும் கூடாது. பூஜைப் பொருள்களைக் கட்டும்போது அதைத் தனியே எடுத்துவிடுங்கள். பட்டாசும் மத்தாப்பும் சொல்லவே வேண்டாம். தீபாவளிக்குப் பேரப்பிள்ளைக்கு என்று ஒரு பெட்டி மத்தாப்பு கூட முடியாது. பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய், அடுப்புக்கான சிறிய எரிவாயு உருளை எல்லாம் அதே கதிதான்.

மதுவுக்கு அளவு கணக்கு இருக்கிறது. ஆல்கஹால் 24 சதவீதம் வரை தீ விதியின்படி தடையில்லை. 24க்கு மேல் 70 வரை ஒருவருக்கு ஐந்து லிட்டர். 70க்கு மேல் கூடவே கூடாது, அது கிட்டத்தட்ட எரிபொருள். வாசனை ஸ்பிரே, ஹேர் ஸ்பிரே போன்றவை ஒவ்வொன்றும் அரை லிட்டருக்குள், மொத்தம் இரண்டு லிட்டருக்குள்.

தீயே பிடிக்காத ஒரு பொருளும் இங்கே இருக்கிறது: பாதரசம். விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். அதில் கீறல் உள்ள இடத்தில் பாதரசம் பட்டால் உலோகத்தோடு கலந்து, படலம் மறுபடி உருவாகாமல் தடுத்து, அரித்துக்கொண்டே போகும். சிந்திய ஒரு துளி எங்கே ஓடி ஒளிந்தது என்று கண்டுபிடிப்பதும் கடினம். பழைய பாதரச இரத்த அழுத்தக் கருவியை ஊருக்கு எடுத்துப்போக நினைக்கும் டாக்டர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுருக்கமாக: தனி பேட்டரி எப்போதும் கையில். எளிதில் எரிவது, தானாகச் சூடேறுவது, வெடிப்பது இரண்டு பையிலும் கூடாது.

### ஊறுகாய் பாட்டில் ஏன் கசிகிறது

சரக்கறையில் காற்றே இருக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. பயணிகள் விமானத்தில் கேபினுக்கும் சரக்கறைக்கும் ஒரே காற்றழுத்தம்தான். ஆனால் அது தரையில் இருக்கும் அழுத்தம் அல்ல. ஏறத்தாழ 1,800 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அழுத்தம், அதாவது ஊட்டியில் இருப்பது போல. அந்த அழுத்தத்தில், மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விரியப் பார்க்கும். ஊறுகாயின் மேலே காலி இடம் இருந்தால், விரியும் காற்று எண்ணெயை மூடி வழியே தள்ளும். செக்-இன் பெட்டியில் ஊறுகாய்க்குத் தீ விதி எதுவும் குறுக்கே வராது. கசிந்து அடுத்தவர் பெட்டியைக் கெடுக்கும் என்பதால்தான் கவுன்டரில் முகம் சுளிக்கிறார்கள். மூடியை டேப் போட்டு ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, நடுவில் வையுங்கள்.

## மூன்றாவது கேள்வி: அந்த நாடு உள்ளே விடுமா?

விமானம் ஏற்றிக்கொண்டது என்பதற்கும் நாடு அனுமதித்தது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. விமானத்துக்குக் கறிவேப்பிலையால் எந்த ஆபத்தும் இல்லை. அமெரிக்காவுக்கு இருக்கிறது.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம். ஆசிய சிட்ரஸ் சைலிட் என்ற சின்னப் பூச்சி இரண்டிலும் வாழும். அது பரப்பும் கிரீனிங் என்ற நோய் வந்த ஆரஞ்சு மரத்தை மீட்க வழியில்லை. புளோரிடாவில் 2005ஆம் ஆண்டு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே ஆரஞ்சு விளைச்சல் மிக மோசமாகச் சரிந்துவிட்டது. பூச்சியின் முட்டை ஒரு கொத்து இலையில் ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்க அதிகாரி குப்பையில் போடும்போது அதை நம்மை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு விவசாயியின் தோட்டத்துக்காகச் செய்கிறார்.

ஆஸ்திரேலியா இதைவிடக் கடுமை. காப்ரா என்ற ஒரு வண்டு சேமித்த தானியத்தை நாசமாக்கும். அதன் புழு உணவே இல்லாமல் நெடுங்காலம் பதுங்கியிருக்கும். 2020 அக்டோபரிலிருந்து பயணிகளின் பையில் அரிசி, பருப்பு, மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் எதுவும் அங்கே வரக் கூடாது, எந்த நாட்டிலிருந்து வந்தாலும். ஒரு சாம்பாருக்கு வேண்டிய பெரும்பாலான சாமான்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாம் கிடைக்கிறது.

இந்த நாடுகளில் நம்மைக் காப்பாற்றுவது ஒளிக்காமல் சொல்வதுதான். படிவத்திலோ நேரிலோ உணவு இருக்கிறதா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால், பெரும்பாலும் கூடாததை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம், ஆஸ்திரேலியாவில் விசா ரத்தாகவும் வாய்ப்பு உண்டு.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கசகசாவை மறந்துவிட வேண்டும். நம் வீட்டில் அது குருமாவுக்கு அரைக்கிற பொருள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட போதைப் பொருள், ஏனென்றால் அபின் கிடைக்கும் செடியின் விதை அது. சமையல் பொருள் என்று விளக்கினாலும் சட்டம் மாறாது. மருந்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. அமீரக அரசிடம் இணையவழியில் முன் அனுமதி வாங்கி, சீட்டோடு, மருந்தின் அசல் பெட்டியிலேயே கொண்டுபோக வேண்டும். மாத்திரைகளை எடுத்துச் சின்ன டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கத்தைப் பயணத்துக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரில் 1992 முதல் சூயிங்கம் கொண்டுவரத் தடை. இ-சிகரெட்டும் கூடாது. சாதாரண சிகரெட்டுக்கு அங்கே வரிவிலக்கே இல்லை, ஒரு பாக்கெட் ஆனாலும் சொல்லிவிட்டு வரி கட்ட வேண்டும்.

இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். இ-சிகரெட் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே தடை. மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சேட்டிலைட் ஃபோனும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவியும் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் கைதுவரை போகும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவர், ஆணானால் 20 கிராம், பெண்ணானால் 40 கிராம் தங்க நகையை வரியின்றிக் கொண்டுவரலாம். அதற்கு மேல் இருந்தால், சுங்கத்தில் வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு.

## அடுத்தவர் கொடுத்த பொட்டலம்

நம் ஊரில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் தெருவே ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கும். அங்கே இருக்கும் என் பையனிடம் சேர்த்துவிடு தம்பி என்று பிரியத்தோடு கேட்பார்கள். மறுப்பது கஷ்டம். ஆனால் உங்கள் பெயரில் டேக் ஒட்டிய பெட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் சட்டப்படி நீங்கள்தான் பொறுப்பு. இது நீங்களே கட்டிய பையா, யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று கவுன்டரில் கேட்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. பெட்டிக்குள் ஒரு கசகசாப் பொட்டலமோ, யாருடைய பெயரும் இல்லாத மாத்திரைப் பட்டையோ இருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் கொடுத்த அத்தை அல்ல, கொண்டுபோன நீங்கள்.

கொடுக்கிறவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். கோபப்பட மாட்டார்கள், காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். உள்ளே பவர் பேங்க் இருந்தால் கைப்பைக்கு மாற்றுங்கள். கொப்பரை, சூடம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஒட்டி முத்திரையிட்டு, பிரிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கிற எதையும் வாங்காதீர்கள்.